பிள்ளைக்குச் செஞ்ச கவசம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்லை. தெரிஞ்சதைச் சொல்றேன், தப்பிருந்தா பொறுத்துக்கணும்.

பள்ளிக்கூட ஆண்டுவிழாவுக்கு மாறுவேடம் போடணும்னு என் பையன் நின்னான். என்ன வேடம்டான்னு கேட்டா, "அயர்ன் மேன்"னு சொல்றான். 1963-லயே படக்கதைப் புத்தகத்துல வந்த வீரனாம், 2008-ல சினிமாவா வந்துச்சாம். அந்த வீரன் குகைக்குள்ள சிறைப்பட்டிருந்தப்ப, கிடைச்ச இரும்பைச் சுத்தியலால அடிச்சுத்தான் முதல் கவசத்தைச் செஞ்சானாம். "தாத்தாவும் சுத்தியல் வச்சிருக்காரே, நீ செஞ்சு குடும்மா"ன்னான். எங்க அப்பா பாத்திரப் பட்டறையில வேலை பார்த்தவர். அப்படித்தான் இது ஆரம்பிச்சது.

முதல்ல நான் இரும்புத் தகரம் வாங்கப் போனேன். அப்பா தடுத்துட்டார். ஒரே அளவு, ஒரே கனம்னா அலுமினியம் இரும்புல மூணுல ஒரு பங்குதான் எடை. 30-க்கு 40 சென்டிமீட்டர் அளவுல, 0.8 மில்லிமீட்டர் கனத் தகடு 260 கிராம் வரும். அதுவே இரும்புன்னா முக்கால் கிலோ. சின்னப் பிள்ளை தோள் தாங்குமா?

நேரா தகட்டை வெட்டக் கூடாது. முதல்ல அட்டையில வெட்டி, பிள்ளை மேல வச்சுப் பார்க்கணும். கையைத் தூக்கச் சொல்லணும், உட்காரச் சொல்லணும். எங்கெல்லாம் இடிக்குதோ அங்க அட்டையைக் குறைச்சிட்டு, அப்புறம் தகட்டுல வரையணும்.

வளைக்கிறதுக்கு மெஷின் வேண்டாம். சும்மா கிடந்த உரல் மேல மணல் மூட்டையை வச்சு, நடுவுல பள்ளம் பண்ணி, அதுல தகட்டை வச்சுக் கொட்டாப்புளியால தட்டினேன். ஆத்திரத்துல ஓங்கி அடிச்சேன், தகடு கோணிப் போச்சு. அப்பா சொன்னார்: "தகட்டோட மல்லுக்கு நிக்காதம்மா. மெதுவாத் தட்டு, சுத்திச் சுத்தி வா. ஒரே இடத்துல அடிச்சா அங்க மெலிஞ்சு கிழிஞ்சிடும்." குழி வந்ததும் தகட்டைக் கவுத்து, மொழுமொழுன்னு தேய்ஞ்ச அம்மிக்குழவி மேல வச்சுத் தட்டினா டொக்கெல்லாம் சமமாகும்.

அடிக்க அடிக்கத் தகடு விறைச்சுப் போகும். அப்ப சூடு காட்டி இளக்கணும். அலுமினியம் இரும்பு மாதிரி சிவந்து காட்டாது. 660 டிகிரி ஆச்சுன்னா சொல்லாம கொள்ளாம உருகிடும். அதுக்கு ஒரு வழி இருக்கு. தகட்டு மேல சோப்பால கோடு போட்டு, கேஸ் டார்ச்சைச் சுத்திச் சுத்திக் காட்டணும். சோப்புக் கோடு கறுத்ததும் நிறுத்தி ஆற விடணும். இதை வெட்டவெளியில, பிள்ளைங்க பக்கத்துல இல்லாதப்ப செய்யணும். துத்தநாகம் பூசின தகரத்தை மட்டும் சூடு பண்ணவே கூடாது. அந்தப் புகை காய்ச்சல் கொண்டு வரும்.

என் பையன் மேடையேறினதைப் பார்த்து நாலு பேர் கேட்டாங்க. குழுவுல 3,000 ரூபாய் உள்கடன் வாங்கித் தொழிலா ஆரம்பிச்சேன்.

இப்ப சொல்றதுதான் முக்கியம். அவசரத்துல ஒரு கவசத்துக்கு ஓரத்தை அரத்தால மட்டும் தேய்ச்சுக் குடுத்துட்டேன். மேடையில கையை வீசினப்ப அந்தப் பிள்ளைக்கு அக்குள்ல அறுத்துடுச்சு. அவங்க அம்மா கவசத்தோட வாசல்ல வந்து நின்னாங்க. ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் எனக்குத் தாங்கலை. ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிட்டுப் போயி ஊசி போட்டு, பணத்தைத் திருப்பிக் குடுத்தேன்.

அந்த வாரம் குழுக் கூட்டத்துல மறைக்காம சொன்னேன். தொழிலை விடுன்னு சிலர் சொன்னாங்க. கடனை எப்படி அடைப்பேன்னு சிலர் கேட்டாங்க. அப்ப ஒரு பெரியம்மா, "அண்டா வாய் நம்ம கையை அறுக்குதா? ஏன்?"னு கேட்டாங்க. பாத்திரத்து வாயில உள்ள கம்பி வச்சுச் சுருட்டியிருப்பாங்க இல்லையா, அதே வேலைதான். கம்பி கனத்துல ரெண்டரை மடங்கு தகட்டை ஓரத்துல கூடுதலா விட்டு, கம்பி மேல மடிச்சுத் தட்டணும். 3 மில்லிமீட்டர் கம்பின்னா எட்டு மில்லிமீட்டர் விட்டாப் போதும். உள்பக்கம் துணியும் பஞ்சும் வச்சுத் தைக்கிறது எங்க குழுத் தையல்காரத் தங்கச்சி.

கணக்கையும் சொல்லிடுறேன். தகடு, கம்பி, வார், பெயிண்ட், தையல் எல்லாம் சேர்த்து 300 ஆகுது, 600-க்குக் குடுக்கிறோம். மிச்சத்தை லாபம்னு முதல்ல நெனச்சேன். ஒரு முழுநாள் உழைப்பு அதுல இருக்கு. அது என் கூலி. உங்க கூலியையும் கணக்குல எழுதுங்க.

பஞ்சாப்ல ஜண்டியாலா குருங்கிற ஊர்ல தகட்டை அடிச்சுப் பாத்திரம் செய்யிற கலையை 2014-ல யுனெஸ்கோ தன் பட்டியல்ல சேர்த்தது. சுத்தியல் வேலை கீழான வேலை இல்லை.

இப்ப ஒவ்வொரு கவசத்துக்கும் ஓரம் பூராவும் பஞ்சை ஓட்டிப் பார்க்கிறோம். ஒரு இழை மாட்டினாலும் விக்கிறதில்லை. அப்படிப் பார்க்கிறது யாரு தெரியுமா? அன்னைக்கு என் வாசல்ல வந்து நின்ன அந்த அம்மாதான். அவங்க சரின்னு சொன்னாத்தான் வெளிய போகும்.

கடன்ல இன்னும் ரெண்டு தவணை பாக்கி இருக்கு. கத்துக்க விருப்பமிருக்கிறவங்க வாங்க, சொல்லித் தர்றேன்.