புற்றுநோயாளியின் காய்ச்சல்

(கொடும்பாளூரில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



காலையில் மூவர் கோயிலைச் சுற்றி வந்தோம். சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிஷம் பேசு என்றார் செயலாளர். ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் கிருமிகளோடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவன் வேறு எதைப் பேசுவேன்?

1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவருடைய முயற்சியால் 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கைகளோடு தொடங்கியது. அன்று கைவிடப்பட்ட பல புற்றுநோய்கள் இன்று குணமாகின்றன. ஆனால் அந்த வைத்தியத்துக்கு ஒரு காவல் வேண்டும். அந்தக் காவல்தான் ஆன்டிபயாடிக்.

கீமோதெரபி மருந்து புற்றணுக்களோடு சேர்த்து, கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடும். மருந்து ஏற்றிய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை பெரும்பாலும் ஆபத்தான நாட்கள். அப்போது 100.4 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும்.

என் அக்கா வீட்டுக்காரருக்கு நெறிக்கட்டிப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள் காய்ச்சல். போனில் கேட்டேன். "ஒண்ணுமில்ல மாப்ளே, மழையில நனைஞ்சுட்டேன். மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டாச்சு" என்றார். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவு என் கைக்கு வந்தது. கிளெப்சியெல்லா என்ற கிருமி. மருந்துப் பட்டியலில் வரிசையாக, கேட்காது, கேட்காது, கேட்காது. மிச்சம் இருந்தது கொலிஸ்டின் ஒன்றுதான். அது சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. ஆயிரக்கணக்கில் அப்படிப்பட்ட தாள்களைப் பார்த்தவன் நான். அன்று கை நடுங்கியது. மச்சான் பிழைக்கவில்லை. அவரைக் கொண்டுபோனது புற்றுநோய் அல்ல.

அந்தக் கிருமி எங்கிருந்து வந்தது? வார்டில் யாரோ கழுவாத கையிலிருந்தா, அவர் குடலிலேயே இருந்ததா, சொல்ல முடியாது. ஆனால் அது மருந்துக்கு அடங்காமல் போனதில் நமக்கெல்லாம் பங்குண்டு. சளிக்கும் இருமலுக்கும் நாமே வாங்கித் தின்ற மாத்திரைகள், பாதியில் நிறுத்தியவை, கோழிப் பண்ணையில் கொட்டியவை, எல்லாம் சேர்ந்து கிருமிக்குப் பயிற்சி கொடுத்துவிட்டன.

2012-இல் மருத்துவச் சங்கங்கள் கூடி 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டன. 2014 மார்ச் முதல் பல ஆன்டிபயாடிக்குகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக்கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி வந்தது. 2019-இல் கோழி, கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் தடை செய்யப்பட்டது. விதி வந்தால் போதுமா? கடையில் போய்க் கேட்பவர்கள் நாம்தானே!

நான் கேட்பது மூன்றுதான். சளிக்காக நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். டாக்டர் எழுதிக் கொடுத்தால் அவர் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள். நோயாளியைப் பார்க்க வேன் பிடித்துக் கூட்டமாகப் போகாதீர்கள். போனால் சோப்புப் போட்டு ஒரு நிமிஷம் கை கழுவிவிட்டுத் தொடுங்கள். வீட்டில் கீமோ எடுப்பவர் இருந்தால் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி வையுங்கள். காய்ச்சல் கண்டால், நடுராத்திரி ஆனாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அன்று நான் போனை வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். நீங்கள் தூங்காதீர்கள்.

சாப்பாடு தயாராக இருக்கிறது. முதலில் கை கழுவுவோம்.