எண்ட்லர் என்று எழுதிய தொட்டி



வீட்டில் முதன்முதலாக மீன்தொட்டி வைப்பவர்களில் பலர் கப்பியில்தான் தொடங்குகிறார்கள். விலை குறைவு, முட்டையிடாமல் நேரே குட்டி போடும், மாதத்துக்கு ஒரு தடவை தொட்டியில் புதுக் குஞ்சுகள் தென்படும். கொஞ்ச காலம் போனதும் ஓர் ஆசை வரும். கடைக் கப்பி அழகாக இருக்கிறது, ஆனால் நோஞ்சானாக இருக்கிறதே, இயற்கையில் பிடித்த மீனோடு சேர்த்தால் அழகும் திடமும் சேர்ந்த குஞ்சுகள் கிடைக்காதா என்று. ஆசையில் தப்பில்லை. வாலும் நிறமும் வேண்டுமென்று பல தலைமுறையாக ஒரே குடும்பத்துக்குள் இனப்பெருக்கம் செய்த மீன்களுக்கு வெளி ரத்தம் பலம் தரக்கூடியதே. ஆனால் அப்படிக் கலந்த கலப்பு ஒன்று கப்பி உலகத்தில் பெரிய குழப்பத்தில் போய் முடிந்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

தென் அமெரிக்காவில், வெனிசுவேலாவின் கடற்கரை நகரம் குமனா. அதன் அருகே லகூனா தே பாத்தோஸ் என்று ஒரு நீர்நிலை. 1937இல் ஃபிராங்க்ளின் பாண்ட் என்பவர் அங்கே சின்னஞ்சிறு மீன்களைப் பிடித்தார். அவை அருங்காட்சியக ஜாடிக்குள் போய்ச் சேர்ந்தன, உலகம் மறந்துவிட்டது. 1975இல் ஜான் எண்ட்லர் என்ற உயிரியலாளர் அதே நீர்நிலையில் அவற்றை மறுபடி கண்டார். நகரத்துக் குப்பைமேடு பக்கத்திலேயே இருந்தது. பாசி படர்ந்து பச்சையாகக் கிடந்தது தண்ணீர். அதற்குள் ஆரஞ்சும் கறுப்பும் மினுமினுக்கும் பச்சையும் தீட்டிய ஆண் மீன்கள், கப்பியைவிடச் சிறியவை. நியூயார்க்கில் இருந்த மீன் மரபியலாளர் கிளாவுஸ் கால்மன் வழியாக அவை மீன் வளர்ப்பவர்கள் கைக்கு வந்தன. அவர்கள் வைத்த பெயர்தான் எண்ட்லர். 2005இல்தான் இதைத் தனி இனம் என்று சொல்லி ‘பொயிசிலியா விங்கெய்’ என்ற அறிவியல் பெயர் கொடுத்தார்கள். தனி இனமா, கப்பியிலேயே ஒரு வகையா என்ற வாதம் அதற்குப் பிறகும் ஓயவில்லை.

வாதம் ஓயாததற்குக் காரணம் உண்டு. எண்ட்லரையும் கப்பியையும் ஒரே தொட்டியில் விட்டால் தயங்காமல் கூடும். பிறக்கும் குஞ்சுகள் மலடாக இருப்பதில்லை; அவையும் பெருகும். பிறகு எது எண்ட்லர், எது கப்பி என்று கண்ணால் பிரிக்கவே முடியாது.

ஏன் முடியாது? 1920இல் டென்மார்க்கின் யொஹானஸ் ஷ்மிட் கப்பியில் ஒரு விஷயத்தைக் காட்டினார்: ஆணின் உடலில் உள்ள சில புள்ளிகள் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகின்றன. ஓய்விண்ட் விங்கே அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். எண்ட்லரின் அறிவியல் பெயரில் இருப்பவர் அவர்தான். ஆண் கப்பியின் ஒய் குரோமோசோம் அப்பன் வழியாகவே இறங்குகிறது. நிறங்களில் பல அதில் உட்கார்ந்திருக்கின்றன. இப்போது கணக்குப் பாருங்கள். எண்ட்லர் ஆணைக் கப்பிப் பெண்ணோடு சேர்க்கிறோம். மகன்களில் ஒன்றை மறுபடி ஒரு கப்பிப் பெண்ணோடு சேர்க்கிறோம். இப்படி நான்கு தலைமுறை. கடைசியில் வரும் ஆணின் மற்ற மரபணுக்களில் எண்ட்லரின் பங்கு சராசரியாகப் பதினாறில் ஒன்றுதான். ஆனால் ஒய் குரோமோசோம் அந்தப் பழைய எண்ட்லருடையது. அதனால் உடம்பில் எண்ட்லர் நிறம் தெரியும். கடைக்காரர் எண்ட்லர் என்று எழுதி ஒட்டுவார். அவர் ஏமாற்றுகிறார் என்று நான் சொல்லமாட்டேன், அவர் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும்.

இதனால்தான் விவரம் அறிந்தவர்கள் மீனைப் பார்த்து முடிவு செய்வதில்லை, அதன் வம்சாவளியைக் கேட்கிறார்கள். எந்த நீர்நிலையில் பிடித்தது, யார் கை மாறியது என்று முழுசாகத் தெரிந்தால் ‘என்’ (N) வகுப்பு. பார்க்க எண்ட்லர்தான், ஆனால் பூர்வீகம் தெரியாது என்றால் ‘பி’ (P) வகுப்பு. கலப்பு என்று தெரிந்ததற்கு ‘கே’ (K) வகுப்பு. கே வகுப்பு மட்டம் என்று அர்த்தமில்லை. என்னைக் கேட்டால், கடைகளில் மிக அழகானவை பல அந்த வகுப்பில்தான் இருக்கின்றன.

தொட்டிக்குள் நடப்பதை ஆற்றில் நடத்திப் பார்த்தவரும் உண்டு. 1957இல் காரில் ஹாஸ்கின்ஸ் என்பவர், டிரினிடாட் தீவில் கரோனி ஆற்றுப் படுகையிலிருந்து சுமார் 200 கப்பிகளை எடுத்து, வேறொரு படுகையைச் சேர்ந்த துரூரே ஆற்றின் மேற்பகுதியில் விட்டார். சில பத்தாண்டுகள் கழித்துப் பார்த்தபோது, வந்தேறிகளின் மரபணு கீழ்நோக்கிப் பரவி, அந்த ஆற்றின் சொந்த மீன்களோடு நன்றாகக் கலந்திருந்தது.

நம் ஊருக்கு வருவோம். வாய்க்காலில் வலைபோட்டுப் பிடிக்கும் கப்பியைக் காட்டு மீன் என்று நினைக்கிறோம். அது இந்த மண்ணின் மீனே இல்லை. கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று தென் அமெரிக்க மீனைக் கொண்டுவந்து கிணறுகளிலும் குட்டைகளிலும் விட்டார்கள். அதன் வாரிசுகள்தான் இவை. கலப்புக்கு உதவுமா? உதவும். ஆனால் பிடித்த கையோடு தொட்டியில் விடாதீர்கள். தோலில் ஒட்டும் ஜைரோடாக்டைலஸ் என்ற நுண்புழு கூடவே வரலாம். மூன்று நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

பெண்ணை வெளியே பிடித்தால் அதன் குஞ்சுகளை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கப்பிப் பெண், ஆணின் விந்தை மாதக்கணக்கில் உடம்பிலேயே சேமித்து வைக்கும். நம் தொட்டி ஆணோடு விட்ட பிறகும் வாய்க்கால் ஆணின் குஞ்சுகளையே போடலாம். அப்பன் யாரென்று உறுதியாகத் தெரியவேண்டுமானால், தொட்டியில் பிறந்த பெண்குஞ்சுகளை மூன்று வாரத்துக்குள்ளேயே தனியே வளர்த்து, பிறகு நீங்கள் தேர்ந்த ஆணோடு சேருங்கள். ஆண்குஞ்சின் அடித்துடுப்பு குச்சிபோல் நீளத் தொடங்கும், பெண்ணுக்கு விசிறிபோலவே இருக்கும், அதுதான் அடையாளம். தொட்டியின் மேல் அப்பா, அம்மா, தேதி மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். மிஞ்சிய குஞ்சுகளை அந்தச் சீட்டோடு நண்பருக்குக் கொடுங்கள், ஏரியில் கொட்டாதீர்கள்.