ஆயில் ஊறிய மண்ணை மீட்கலாமா?

நம்ம கோவையில லேத்து, பம்ப்செட், லாரி பட்டறை இல்லாத பகுதி குறைவு. வடித்த ஆயிலை வேலியோரம் ஊற்றிவிடுவதும் பழைய பழக்கம்தான். அந்த இடத்தில் புல்கூட முளைக்காது. மழை பெய்யப் பெய்ய கிணற்றுக்கும் இறங்கும்.

2017 ஜனவரி 28-ல் எண்ணூர் காமராஜர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது நினைவிருக்கும். வாளிவாளியாக அள்ளிய எண்ணெய்ச் சேற்றைப் பாக்டீரியா கொண்டுதான் சிதைத்தார்கள். டெரி நிறுவனத்தின் 'ஆயில்ஜாப்பர்' ஐந்து வகை பாக்டீரியாக்களின் கலவை. அவற்றைச் சுமப்பது மணி உதிர்த்த மக்காச்சோளக் கட்டையின் பொடி. நாம அடுப்பெரிக்கிற அதே கட்டைதானுங்க!

ஆனா தூவினா மட்டும் போதாது. எண்ணெயில் கார்பன் ஏராளம். தழைச்சத்தும் மணிச்சத்தும் கிட்டத்தட்ட இல்லை. கார்பன் 100 பங்குக்குத் தழை 10, மணி 1 என்பது பொதுவான கணக்கு. யூரியாவை அள்ளிக் கொட்டினால் வேலை கெட்டுப்போகும். மண்ணைக் கிளறிக் காற்று விடணும். ஈரம் வேணும், சேறாகக் கூடாது. பழைய ஆயிலில் கலந்திருக்கும் ஈயம் போன்ற உலோகங்களை எந்தப் பாக்டீரியாவும் தின்னு தீர்க்காது. அதனால மண்ணைச் சோதிக்காம இறங்காதீங்க.

2016 விதிகளின்படி பயன்படுத்திய ஆயில் அபாயக் கழிவு. டிரம்மில் மூடி வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்றவரிடம் மட்டும் கொடுங்க. யாராவது ஓடையில் ஊற்றினால் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, 1100-க்கு அழைத்து இடத்தைச் சொல்லுங்க.