கூடி அவிழ்க்கும் நொடி

ஒரு விடுகதையோடு தொடங்குகிறேன். பச்சையாய்க் கிள்ளுவார்கள், கறுப்பாய்க் கட்டுவார்கள், சிவப்பாய் வாயை நனைக்கும். அது என்ன? ஹந்தானையிலும் கலஹாவிலும் தெல்தோட்டையிலும் இருந்து கேட்கிற பெரியவர்களுக்கு விடை உடனே தெரிந்திருக்கும். அவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதையே நான்கு பிள்ளைகள் கூடியிருக்கிற இடத்தில் போட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஒரு பிள்ளை வெற்றிலை என்று சொல்லும். பச்சை இருக்கிறது, வாயும் சிவக்கிறது. வெற்றிலை எங்கே கறுத்தது என்று இன்னொரு பிள்ளை மறிக்கும். அந்தப் பிள்ளைக்கு மிளகு நினைவுக்கு வரும். மாத்தளைப் பக்கம் கொடியிலிருந்து பச்சையாய்ப் பறித்து வெயிலில் காயப்போட்டால் மிளகு கறுத்துவிடும். சாக்கில் கட்டுவதும் கறுப்பாய்த்தான். ஆனால் மிளகு எப்போது வாயைச் சிவப்பாய் நனைத்தது? வெற்றிலையில் ஒன்று குறைகிறது, மிளகில் வேறொன்று குறைகிறது. இரண்டையும் கேட்டுக்கொண்டிருந்த மூன்றாவது பிள்ளைக்குக் கொழுந்தும் தூளும் பால் விடாத தேத்தண்ணியும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். பிழையான இரண்டு விடைகள் வாய்விட்டுச் சொல்லப்பட்டதால்தான் சரியான விடை பிறந்தது. அந்த இரண்டு பிள்ளைகளும் தனித்தனியாக இருந்திருந்தால், ஒன்று வெற்றிலையோடும் மற்றது மிளகோடும் திருப்தியாக நின்றிருக்கும்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். சொற்புதிரானாலும் எண்புதிரானாலும், மூன்று நான்கு பேர் கூடி வாதாடி அவிழ்க்கும்போதுதான் அது தன் முழு வேலையையும் செய்கிறது. நம் முன்னோர் புதிரை அப்படித்தான் வைத்திருந்தார்கள். தொல்காப்பியம் செய்யுளியலில் பிசி என்ற பெயரில் இதைச் சொல்லி, அதற்கு இரண்டு வகையும் காட்டுகிறது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நொடி என்கிறார்கள், தமிழ்நாட்டின் தெற்கே அழிப்பாங்கதை என்கிறார்கள், நம்மைச் சுற்றியுள்ள சிங்களக் கிராமங்களில் தேரவிலி என்கிறார்கள். எல்லா இடத்திலும் போடுகிறவர் ஒருவர், அவிழ்க்கிறவர்கள் எதிரே. கேட்க ஆளில்லாமல் நொடி இல்லை.

பழமையைக் காட்டினால் மட்டும் போதாது, சான்று வேண்டும். ஒரு காகிதம் எடுத்துக்கொள்ளுங்கள். மேசையில் நான்கு அட்டைகள் கிடக்கின்றன. ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். இப்போது மேலே தெரிவன ஆ, க, 4, 7. ஒரு விதி தரப்படுகிறது: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்க வேண்டும். இந்த விதி மீறப்பட்டிருக்கிறதா என்று அறிய எந்தெந்த அட்டைகளைக் கட்டாயம் திருப்ப வேண்டும்? பீட்டர் வேசன் என்ற ஆங்கில உளவியலாளர் 1966இல் வெளியிட்ட புதிர் இது. அட்டைகளை மட்டும் தமிழாக்கியிருக்கிறேன். பெரும்பாலோர் ஆவையும் நான்கையும் சொல்வார்கள். சரியான விடை ஆவும் ஏழும். நான்கின் பின்னால் எந்த எழுத்து இருந்தாலும் விதிக்குக் குறைவில்லை, ஏனென்றால் இரட்டை எண்ணின் பின்னால் உயிரெழுத்துத்தான் வர வேண்டும் என்று விதி சொல்லவேயில்லை. ஏழின் பின்னால் உயிரெழுத்து இருந்துவிட்டால் விதி உடைந்து போகும். 1998இல் மோஷ்மன், கெய்ல் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தனியாக உட்கார்ந்தவர்களில் சரியாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 9 பேர். ஐந்தாறு பேராகக் கூடிப் பேசிய குழுக்களிலோ நூற்றுக்கு 75 சரியான விடைக்கு வந்து சேர்ந்தன. அதே புதிர், அதே தரத்து மாணவர்கள். கூடிப் பேசியது ஒன்றுதான் வேறு.

குழுவில் கெட்டிக்காரர் ஒருவர் இருந்திருப்பார், மற்றவர்கள் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று யாரும் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. இதற்கு அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் பற்றிக் லாஃப்லினும் அவருடைய கூட்டாளிகளும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் விடை இருக்கிறது. பத்து எழுத்துகளுக்குள் 0 முதல் 9 வரையான எண்கள் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும். எழுத்துகளைக் கூட்டியும் கழித்தும் கேள்வி கேட்டு எந்த எழுத்து எந்த எண் என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று, நான்கு, ஐந்து பேர் கொண்ட குழுக்கள், அதே எண்ணிக்கையில் தனித்தனியே உழைத்தவர்களில் ஆகச் சிறந்தவரையும் விஞ்சின. ஆகவே கெட்டிக்காரரின் விடையை மற்றவர்கள் கடன் வாங்கினார்கள் என்று சொல்லித் தப்ப முடியாது; அந்தக் கெட்டிக்காரரிடமும் இல்லாத ஒன்று குழுவில் உண்டாகியிருக்கிறது. இருவர் மட்டும் கூடியபோது இந்தப் பலன் கிடைக்கவில்லை, அந்த இருவரில் சிறந்தவரின் அளவுக்கே நின்றார்கள். மூன்றாவது ஆள் வேண்டும் என்பது இதில் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது.

கூட்டம் கூடினாலே அறிவு கூடிவிடும் என்று நான் சொல்லவில்லை. 1958இல் யேல் பல்கலைக்கழக ஆய்வொன்று, புதிய யோசனைகளை அடுக்கிச் சொல்லும் வேலையில் சேர்ந்திருந்த நால்வரைவிடத் தனித்தனியே எழுதிய நால்வரே அதிகம் தந்தார்கள் என்று காட்டியது. புதிரின் இயல்பு வேறு. ஒரு விடை சரியா என்று அங்கேயே உரசிப் பார்க்கலாம், சொன்னவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும். காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எண்ணும் வழி ஒன்று உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்கச் சொல்கிறார். முட்கள் 50 என்றால் சுளைகள் 60. கண்டியில் பலாவுக்குப் பஞ்சமில்லை. பழம் பழுக்கும் காலத்தில் நாலு பேர் கூடி முள்ளை எண்ணி, கணக்கைப் போட்டு, பிறகு அறுத்துப் பாருங்கள். விடை சரியாய் வரும் என்று நான் உறுதி தரமாட்டேன். பலாவின் ஒவ்வொரு முள்ளும் ஒரு பூவின் நுனி. அந்தப் பூக்களில் மகரந்தம் சேர்ந்தவைதாம் சுளையாகும், சேராதவை சுளைகளுக்கு நடுவே நாராய்க் கிடக்கும். ஆகவே பழத்துக்குப் பழம் கணக்கு மாறக்கூடும். ஏன் மாறியது என்று நால்வரும் வாதாடத் தொடங்கும் நேரத்தில் அந்தப் பழைய நூலுக்கும் மரியாதை கிடைக்கிறது, பிள்ளைகளுக்கும் தாவரவியல் கிடைக்கிறது.

மேதைகள் தனியாகத்தானே சிந்தித்தார்கள் என்று இன்னொரு கேள்வி வரும். இராமானுஜனையே எடுத்துக்கொள்வோம். 1914 டிசம்பரில் லண்டனின் ஸ்ட்ராண்ட் சஞ்சிகையில் ஒரு புதிர் வந்தது. ஒரு தெருவில் வீடுகள் 1, 2, 3 என்று வரிசையாக இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு இடப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் வலப்பக்கத்து எண்களின் கூட்டுத்தொகையும் சமம். வீடுகள் ஐம்பதுக்கு மேல், ஐந்நூறுக்குள். அந்த வீடு எது? கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த மகாலனோபிஸ் எண்களைப் போட்டுப் பார்த்து விடையைக் கண்டுகொண்டு, அடுப்பில் காய்கறி கிளறிக்கொண்டிருந்த நண்பர் இராமானுஜனிடம் புதிரைப் படித்துக் காட்டினார். இராமானுஜன் கிளறிக்கொண்டே ஒரு தொடர்பின்னத்தைச் சொன்னார். இப்படிப்பட்ட தெருக்கள் எத்தனை இருந்தாலும் அத்தனைக்கும் அதில் விடை இருந்தது. அந்த ஆற்றல் இராமானுஜனுடையது, அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால் அன்று அந்த ஆற்றலைத் தட்டி எழுப்பியது, புதிரைத் தன்னோடு வைத்துக்கொள்ளாமல் உரக்கப் படித்த ஒரு நண்பர்.

இனி நம் ஊர்ப் பெற்றோரின் மறுப்பு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் முதல் வினாத்தாளில் நுண்ணறிவு வினாக்கள் வருகின்றன. எண்தொடரும் சொல்விளையாட்டும் இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு அங்கேதான், மணிக்கூட்டைப் பார்த்தபடி அறிமுகமாகின்றன. பரீட்சை மண்டபத்தில் பிள்ளை தனியாகத்தானே எழுத வேண்டும், கூடிப் பேசிப் பழகி என்ன பயன் என்று கேட்கிறார்கள். அளப்பது வேறு, வளர்ப்பது வேறு. தன் விடைக்குக் காரணம் சொல்லியும் அடுத்த பிள்ளையின் காரணத்தில் ஓட்டை கண்டும் பழகிய பிள்ளை, தனியே இருக்கும்போது அந்தக் கேள்வியைத் தன்னிடமே கேட்டுக்கொள்ளும். கடந்தகால வினாத்தாள்களை மட்டும் அடுக்கடுக்காகச் செய்த பிள்ளைக்கு விடையின் இலக்கம் தெரிந்திருக்கும், அது எப்படி வந்தது என்று சொல்லத் தெரியாது. டியூஷன் வகுப்புகளில் நாற்பது ஐம்பது பிள்ளைகள் நெருக்கி உட்கார்ந்திருந்தும் ஒருவரோடொருவர் பேச இடமில்லாதிருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

ஓர் ஆபத்து மட்டும் உண்மையானது. சத்தமாகப் பேசுகிற பிள்ளை விடையை முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றவர்கள் யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். கைத்தொலைபேசியில் விடையைத் தேடி எடுத்து நீட்டுகிறவரும் செய்வது அதையேதான். இதற்கு இரண்டு ஒழுங்குகள் போதும். ஏற்கெனவே விடை தெரிந்தவர் வாய் திறக்கக்கூடாது. விடை சொல்கிறவர் காரணத்தைக் காட்டி மற்ற எல்லோரையும் சம்மதிக்கவைக்க வேண்டும். ஒருவர் சம்மதிக்காவிட்டாலும் புதிர் அவிழவில்லை என்றே கொள்ள வேண்டும்.

பெற்றோரும் ஆசிரியர்களும் இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இராமானுஜன் கேட்ட அந்தத் தெருவிலேயே வேலை இருக்கிறது. 8 வீடுகள் இருந்தால் விடை 6ஆம் வீடு. ஒன்று முதல் ஐந்து வரை கூட்டினாலும் 15, ஏழையும் எட்டையும் கூட்டினாலும் 15. 49 வீடுகள் என்றால் 35ஆம் வீடு. சஞ்சிகையில் கேட்ட தெருவில் 288 வீடுகள், விடை 204. கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸின் நூல் லண்டனில் வெளிவந்தது 1681இல். அடுத்த தெருவில் சரியாக 1681 வீடுகள். 6, 35, 204 என்ற எண்களுக்கு இடையே உள்ள உறவைக் கண்டுபிடித்தால் அங்கே எந்த வீடு என்று சொல்லிவிடலாம். குறைந்தது மூன்று பேராக உட்காருங்கள், கண்டுபிடித்த விடையைப் பக்கத்து வீட்டாருக்குச் சொல்லாதீர்கள்.