கைக்குள்ளே ஒரு குழு, கண்முன்னே ஒரு குழு

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக நாங்கள் வந்தால் சேமிப்பு, வட்டி, வங்கி இணைப்பு என்றுதான் பேசுவோம். இன்றைக்கு வாட்ஸ்அப் பற்றிப் பேசப் போகிறோம். "அதுல பேச என்ன இருக்கு?" என்று சிலர் சிரிக்கிறீர்கள். இருக்கிறது. முதலில் ஒரு நடந்த விஷயத்தைக் கேளுங்கள்.

நம்ம பகுதியில் ஒரு குழு. ஊரும் பேரும் வேண்டாம். 14 பேர். ஒன்பது வருடமாகத் தவணை தவறாத குழு. கூட்டத் தேதியைச் சொல்வதற்காக ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார்கள். அப்புறம் காலை வணக்கம், சாமி படம், பேரன் பிறந்தநாள் எல்லாம் வந்தது. சந்தோஷம்தான்.

ஒருநாள் ஒரு அக்கா குழுவை விட்டு வெளியேறிவிட்டதாகப் போனில் காட்டியது. முந்தின கூட்டத்தில்தான் வட்டிக் கணக்கில் அவருக்கும் இன்னொருவருக்கும் சின்ன வாக்குவாதம். "பாத்தியா, கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா" என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவர் வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. ஒருவரும் போய்க் கேட்கவில்லை.

அறுவடை சமயம் என்பதால் கூட்ட நாள் மாறி மாறி வந்தது. அதைப் போனில் மட்டும் போட்டார்கள். அந்த அக்காவுக்குத் தெரியவில்லை. மூன்று கூட்டம் வரவில்லை என்று கூட்டத்துக்கு 20 ரூபாய் வீதம் 60 ரூபாய் அபராதம் எழுதியாச்சு. அவரோ, "நம்மள விட்டுட்டே கூட்டம் போடுறாங்களே" என்று மனசு விட்டுப் போய் வீட்டோடு இருந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மகளுக்கு நர்சிங் படிப்புக் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. குழுவில் கேட்க மனசு வரவில்லை. வெளியில் 5 ரூபாய் வட்டிக்கு 20,000 ரூபாய் வாங்கினார். மாதம் 1,000 ரூபாய் வட்டி. அவர் குழுவில் நூற்றுக்கு 1 ரூபாய் வட்டி. முதல் மாதம் 200 ரூபாயோடு போயிருக்கும்.

நாங்கள் வீட்டுக்குப் போய் விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. அந்தப் போன் அவர் மகனுடையது. அவன் திருப்பூருக்கு வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டான். "எப்பப் பாத்தாலும் படமா வருது, போன் நிறைஞ்சு போகுது" என்று குழுவிலிருந்து விலகியவன் அவன். அக்காவுக்கு எதுவுமே தெரியாது!

இதில் எங்கள் தப்பும் இருக்கிறது. கூட்டம் நடந்ததாகப் போட்டோ அனுப்பினார்கள். அதைப் பார்த்து "கூட்டம் நடந்தது" என்று நாங்களும் அறிக்கையில் குறித்துக்கொண்டோம். போட்டோவில் இருந்தவர்களைப் பார்த்தோமே தவிர, இல்லாதவர் யார் என்று எண்ணவில்லை. நேரில் போயிருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்கும்.

சகோதரிகளே, போன் கெட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2016-க்குப் பிறகு நெட் விலை குறைந்து நம் கைக்கும் வந்தது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் கூட முடியாதபோது பல குழுக்களைப் பிரியாமல் வைத்திருந்தது இந்தப் போன்தான். நம்ம பொடி, ஊறுகாய், சேலை விற்கவும் உதவுகிறது. ஆனால் போனில் தெரிவதையே உறவு என்று எடுத்துக்கொண்டால் தடுமாறிப் போவோம்.

நீல டிக் வந்தால் அந்தச் செய்தியை அந்தப் போனில் திறந்தார்கள் என்றுதான் அர்த்தம். திறந்தது அவரா, பேரனா என்று அது சொல்லாது. படித்தவருக்கு அடுப்பில் சோறு பொங்கிக்கொண்டு இருந்திருக்கலாம். நேரில் "சரி" என்றால் அது சந்தோஷ சரியா, சலிப்புச் சரியா என்று முகத்தில் தெரியும். போனில் வரும் "சரி"க்கு முகம் இல்லை. முகத்தை நாமே வரைந்துகொள்கிறோம்.

1989-ல் தருமபுரி மாவட்டத்தில் அரசுத் திட்டத்தில் குழுக்கள் தொடங்கிய காலத்தில் செல்போன் ஏது? வட்டமாக உட்கார்ந்தார்கள். ஏன் வட்டம்? ஒவ்வொருத்தி முகமும் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்றுதான். ஒருத்தி வாடி இருந்தால் பக்கத்தில் இருப்பவள் "என்னாச்சு?" என்று கேட்பாள். அதுவும் நம் மூலதனம்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. பக்கத்துத் தெரு அக்கா தூரமாகிறார். முகம் தெரியாதவர் நெருக்கமாகிறார். 2018 மே மாதம் நினைவிருக்கிறதா? பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த வயதான அம்மா ஒருவர் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். சந்தேகப்பட்டு அடித்தே கொன்றுவிட்டார்கள். தெரிந்தவர் நம்பரிலிருந்து வந்ததால்தானே பலரும் நம்பினார்கள்? நம்பர்தான் அக்காவுடையது; செய்தி யாருடையதோ. அந்த வருடமே ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் வாட்ஸ்அப் கட்டுப்பாடு வைத்தது. ஆனாலும் கட்டுப்பாடு நம் விரலில்தான் இருக்க வேண்டும். ஒரு செய்தியை அனுப்புவது ஜாமீன் கையெழுத்துப் போடுவது மாதிரி. ஆள் தெரியாமல் ஜாமீன் போடுவோமா?

அதனால் ஒவ்வொரு குழுவும் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்:

1. கூட்ட நாள் மாறினால் போனில் போடுவதோடு, போன் இல்லாத உறுப்பினருக்கு யார் போய்ச் சொல்வது என்று பெயர் எழுதி வையுங்கள்.

2. கடன், அபராதம், நீக்கம் எல்லாம் கூட்டத்தில் மட்டும்தான். போனில் முடிவு வேண்டாம்.

3. ஒருவர் போன் குழுவில் இல்லை என்றாலோ, பதில் போடவில்லை என்றாலோ, இரண்டு பேர் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகுதான் பேச்சு.

4. மனஸ்தாபத்தை எழுத்திலும் ஸ்டேட்டஸிலும் காட்டாதீர்கள். நேரில் பேசுங்கள்.

5. தெரிந்தவர் நம்பரிலிருந்து "அவசரம், பணம் அனுப்பு" என்று வந்தால், ஏற்கெனவே தெரிந்த நம்பரில் கூப்பிட்டுக் குரலைக் கேட்காமல் அனுப்பாதீர்கள். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்குப் பேசுங்கள். படத்தை வைத்து யாராவது மிரட்டினால் பணம் கொடுக்காதீர்கள், பயந்து மறைக்காதீர்கள். 181 மகளிர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் முன்னால் நம் குழு இருக்கிறது.

கடைசியாக, அந்த அக்கா கதை என்ன ஆச்சு? குழுவில் எல்லாருக்கும் வருத்தம். "வாட்ஸ்அப்ல மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் போட்டுடலாம்" என்றார் ஒரு தங்கச்சி. மூத்த உறுப்பினர் ஒருவர், "அதுலதானே பிரிஞ்சோம். நடந்து போவோம் வாங்க" என்றார். 13 பேரும் போனார்கள். அபராதத்தைத் தள்ளுபடி செய்து தீர்மானம் போட்டார்கள். குழுக் கடன் கொடுத்து வெளிக்கடனை அடைத்தார்கள். ஆனால் அதற்குள் நான்கு மாத வட்டி 4,000 ரூபாய் போனது போனதுதான். இரண்டு தெரு நடக்காததற்கு விலை அது.

இன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியில், ரொம்ப நாளாக முகம் பார்க்காத ஒரு உறுப்பினர் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள். நாங்களும் இந்த மாதத்திலிருந்து போட்டோவை எண்ணாமல் ஆட்களை எண்ணப் போகிறோம்.