கார்த்திகைக் கிழங்கு: பூவைப் பாருங்கள், கிழங்கைத் தோண்டாதீர்கள்

(திருகோணமலை லிங்கநகரில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், சேமலாப நிதி, வீட்டுக் காணி என்று பேசும் கூட்டத்தில் இன்று ஒரு செடியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சங்கத்துக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். உழைக்கிறவனின் உயிர் சம்பந்தப்பட்ட எதுவும் சங்கத்தின் வேலைதான். அதிலும் இந்தச் செடி, மலைநாட்டிலிருந்து இறங்கி வந்த நம் குடும்பங்கள் நன்றாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய ஒன்று.

மாரி மழை தொடங்கியதும் வேலியோரத்திலும் பற்றைக்காட்டிலும் ஒரு கொடி ஏறுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் பூக்கிறது. ஆறு இதழ்கள், ஓரம் நெளிந்து, தீச்சுவாலை போல மேல்நோக்கி நிற்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு. நாள் போகப் போக முழுவதும் சிவந்துவிடும். இதுதான் கார்த்திகைப்பூ. பழந்தமிழில் காந்தள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் வரிசையாகச் சொல்லும் 99 பூக்களில் முதற்பூ இதுதான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. சிங்களத்தில் நியங்கலா என்கிறார்கள். இந்தப் பூவைச் சுற்றி நம் நாட்டில் வேறு பேச்சுகளும் உண்டு. இன்று நாம் பேசுவது மண்ணுக்குக் கீழே இருப்பதைப் பற்றி.

மண்ணுக்குக் கீழே இருப்பது ஒரு கிழங்கு. விரல் பருமனில், இரண்டு கவராகப் பிரிந்து, ஏர்க்கலப்பை போல வளைந்திருக்கும். அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்ற பெயர். தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு என்றும் சொல்வார்கள். பெயர் எதுவானாலும் கிழங்கு ஒன்றுதான், அதில் இருக்கும் நஞ்சும் ஒன்றுதான். அந்த நஞ்சின் பெயர் கொல்சிசின். செடியின் எல்லாப் பாகத்திலும் அது உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம்.

இதை ஏன் லிங்கநகரில் வைத்துச் சொல்கிறோம்? 1977, 1981, 1983 வன்செயல்களுக்குப் பின் மலைநாட்டுக் குடும்பங்கள் பல வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் வந்து குடியேறின. தேயிலைச் செடியின் ஒவ்வொரு இலையையும் தெரிந்த நம் தாய்மாருக்கு, இந்த வரண்ட நிலத்துப் பற்றைக்காடு புதிது. எந்தக் கீரை தின்னலாம், எந்தக் கிழங்கு தின்னலாம் என்று இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பாட்டியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். நமக்குச் சொல்லித்தர இந்த மண்ணில் பாட்டி இருக்கவில்லை. அதோடு பசியும் சேர்ந்துகொண்டது. 1973, 74ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினி வந்தபோது கிடைத்த இலையையும் கிழங்கையும் அவித்துத் தின்ற கதையை நம் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். 2022இல் அரிசி விலை ஏறியபோது பல வீடுகளில் ஒரு வேளைச் சாப்பாடு மரவள்ளியாகவும் வத்தாளங்கிழங்காகவும் மாறியது. பசித்தவன் மம்பட்டியோடு காட்டுக்குப் போகும்போது, எதைத் தோண்டக்கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தக் கிழங்கை வத்தாளங்கிழங்கு என்றோ வள்ளிக்கிழங்கு என்றோ நினைத்துச் சாப்பிட்டுவிடுவது நம் நாட்டில் நடந்திருக்கிறது. இலங்கையில் செடிகளால் வரும் நஞ்சூட்டத்தில் இது முக்கியமான ஒன்று என்று வைத்தியர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1966இலேயே வைத்தியர் குணரத்ன இந்தக் கிழங்கு நஞ்சினால் தலைமயிர் மட்டுமல்ல, உடல் முழுவதும் மயிர் கொட்டிப்போன ஒரு நோயாளியைப் பற்றி பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். 1989இல் இந்தக் கிழங்கு இதயத்தைத் தாக்கியது பற்றி இன்னொரு அறிக்கை வந்தது. 2015இல் வந்த ஒரு அறிக்கையின் விஷயமே, இந்த நஞ்சு தொற்றுக் காய்ச்சல் போலத் தோன்றி வைத்தியரை ஏமாற்றக்கூடும் என்பதுதான்.

நஞ்சு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொழுந்து எடுக்கிறவர்களுக்குச் சொல்வது சுலபம். தேயிலைச் செடியில் எந்நேரமும் புதிதாகத் துளிர்க்கும் இடம் ஒன்று இருக்கிறதல்லவா? அதுபோல நம் உடம்பிலும் ஓயாமல் புதுசு புதுசாக வளர்கிற இடங்கள் இருக்கின்றன. குடலின் உள்தோல், எலும்புக்குள் இரத்தம் ஊறும் மச்சை, மயிரின் வேர். ஒரு கலம் இரண்டாகப் பிரிந்துதான் அங்கே வளர்ச்சி நடக்கிறது. கொல்சிசின் அந்தப் பிரிவை நிறுத்திவிடுகிறது. அதனால் முதலில் குடல், அடுத்து இரத்தம், கடைசியில் மயிர் என்று வரிசையாக அடி விழுகிறது.

சாப்பிட்டவுடன் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். சில மணித்தியாலம் கழித்து வாய், தொண்டை எரிச்சல், விடாத வாந்தி, தண்ணீராய் வயிற்றோட்டம், சில வேளை இரத்தமும் போகும். பார்க்கிறவர்கள் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைப்பார்கள். ஒரு நாள் போனதும் வயிறு கொஞ்சம் அடங்கியது போல இருக்கும். இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் ஏமாறுகின்றன. “சுகமாகிவிட்டது, நாளைக்கு வேலைக்குப் போகலாம்” என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில்தான் சிறுநீரகம், இதயம், மூச்சு, இரத்தம் எல்லாம் கெடத் தொடங்கும். உயிர் போவதும் பெரும்பாலும் இந்த நாட்களில்தான். தப்பிப் பிழைத்தவர்களுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் மயிர் கொட்டும், பிறகு மறுபடி முளைக்கும். ஆகையால் வாந்தி நின்றுவிட்டது என்று வைத்தியசாலையை விட்டு வந்துவிடாதீர்கள். வைத்தியர் போகச் சொல்லும்வரை இருங்கள்.

“அவித்தால் நஞ்சு போய்விடாதா?” என்று கேட்பார்கள். போகாது. அவித்தாலும் காயவைத்தாலும் கொல்சிசின் அழிவதில்லை. மரவள்ளியில் செய்வதுபோலத் தண்ணீரை வடித்து ஊற்றித் தப்பிக்கலாம் என்ற எண்ணம் இங்கே வேண்டாம்.

சரி, இது மருந்துச் செடி என்கிறார்களே, அது பொய்யா? பொய்யல்ல. கால் பெருவிரல் வீங்கித் துடிக்கும் கௌட் என்ற வாத நோய்க்கு உலகம் முழுவதும் வைத்தியர்கள் கொடுப்பது இதே கொல்சிசினைத்தான். இதற்கு உறவான ஒரு ஐரோப்பியச் செடியிலிருந்து 1820இல் பெல்த்தியே, கவாந்து என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பிரித்தெடுத்தார்கள். அதே ஆண்டில் சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினாவைப் பிரித்தவர்களும் அவர்கள்தான். சிங்கோனா நமக்குப் புதிதல்ல. கோப்பி நோயால் அழிந்த பிறகு, தேயிலை முழுவதும் பரவும் முன், நம் பாட்டன் பூட்டன் மலைநாட்டில் நட்ட பயிர் அது. மலேரியாக்காரன் பட்டையைத் தன்னிஷ்டத்துக்குக் கடித்துத் தின்பதில்லை, அளந்த குளிசையைத்தான் விழுங்குகிறான்.

அந்த அளவுதான் இங்கே முழு விஷயமும். கொல்சிசின் குளிசை ஒன்றில் இருப்பது வழக்கமாக அரை மில்லிகிராம். ஒரு கிராமை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு. அதைக் கொடுக்கும்போதே, வயிற்றோட்டம் வந்தால் நிறுத்துங்கள் என்று வைத்தியர் சொல்லி அனுப்புவார். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு அந்தச் சிறு குளிசைகூட ஆபத்தாகலாம். காட்டில் தோண்டிய கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கிழங்கில் இருப்பது அடுத்த கிழங்கில் இருப்பதில்லை.

சித்த வைத்தியத்திலும் இந்தக் கிழங்குக்கு இடமுண்டு. ஆனால் சித்தர் மரபே இதை நஞ்சு வகையில் வைத்து, சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்கிறது. இந்தியாவின் மருந்துச் சட்டத்திலும் இது நச்சு மூலிகைப் பட்டியலில் இருக்கிறது. அது சேர்ந்த மருந்தை வைத்தியர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று எழுதி ஒட்ட வேண்டும். நம் திருகோணமலையிலேயே, கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில், சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. அங்கே பல வருடம் படித்துத் தெரிந்துகொள்வதை, சந்தையில் பொட்டலம் விற்கிறவர் ஐந்து நிமிடத்தில் சொல்லித்தர முடியாது. சுத்தி செய்யும் முறையை நாங்கள் இங்கே சொல்லப்போவதில்லை. கேட்டதும் யாராவது வீட்டில் செய்து பார்த்துவிடுவார்கள் என்ற பயம்தான்.

தாய்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. இந்தக் கிழங்குக்கு வடமொழி வைத்திய நூல்களில் கருவைக் கலைப்பது என்று பொருள்படும் பெயரே உண்டு. பிரசவம் சுலபமாக அரைத்துப் பூசுவது, கருவைக் கலைக்கக் கொடுப்பது என்ற பழைய கைமுறைகள் இன்னும் காதுவழியே ஓடிக்கொண்டிருக்கின்றன. கருவைக் கொல்லும் அளவு தாயையும் கொல்லும். யாருக்கும் சொல்ல முடியாத கஷ்டமாக இருந்தாலும் குடும்பநல மாதுவிடம் சொல்லுங்கள். அவர் உங்களைத் திட்ட அல்ல, காப்பாற்றத்தான் வருகிறார்.

இன்னொன்றையும் மறைக்காமல் பேச வேண்டும். இந்தக் கிழங்கை மனம் நொந்து எடுத்தவர்களும் நம் நாட்டில் உண்டு. கடனோ, வீட்டுச் சண்டையோ, குடியோ, எதுவாக இருந்தாலும் தனியே சுமக்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுத்தால் தேசிய மனநல நிறுவனத்தில் ஆள் பேசுவார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் பேச்சுக் குறைந்து ஒதுங்கினால், கதவைத் தட்டிக் கேளுங்கள். அதுவும் சங்க வேலைதான்.

இனி, செடியை எப்படி அடையாளம் காண்பது? பூ இருக்கும்போது யாருக்கும் தெரியும். பூ இல்லாதபோது இலையைப் பாருங்கள். இலையின் நுனி நீண்டு, சுருண்டு, பற்றுக்கம்பி போல அடுத்த செடியைப் பிடித்திருக்கும். வத்தாளங்கிழங்கு இலையிலோ வள்ளி இலையிலோ இப்படி இருக்காது. இன்னும் பெரிய ஆபத்து கோடையில். கொடி முழுவதும் காய்ந்து விழுந்துவிடும். மேலே இலையுமில்லை, பூவுமில்லை. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். பூமி திருத்துகிறபோது மம்பட்டியில் அதுதான் அகப்படும். அந்த நேரத்தில் பார்த்து அடையாளம் சொல்ல முடியாது. அதனால் ஒரே ஒரு விதி வைத்துக்கொள்வோம்: யார் நட்டது என்று தெரியாத கிழங்கை அடுப்பில் ஏற்றாதே.

பிள்ளைகளே, உங்களுக்கும்தான். பூவைப் பார்க்கலாம், படம் வரையலாம். விதையை வாயில் போடக்கூடாது. கிழங்கைத் தொட்டால் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். வீட்டில் மாடோ ஆடோ இருந்தால் அதற்கும் இந்தக் கொடியைப் போடக்கூடாது.

யாராவது சாப்பிட்டுவிட்டால் என்ன செய்வது? வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உப்புத் தண்ணீரோ வேறெதுவோ புகட்டி வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அது வரத் தாமதமானால் ஓட்டோவோ லொறியோ பிடித்து வைத்தியசாலைக்குப் போங்கள். மீதிக் கிழங்கையும் கொடியின் ஒரு துண்டையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். “இதைத்தான் சாப்பிட்டார், இத்தனை மணிக்கு” என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். இதற்கென்று கையில் எடுத்துக் கொடுக்கும் மாற்று மருந்து நம் வைத்தியசாலைகளில் இல்லை. நஞ்சை உறிஞ்சும் கரி மருந்தும், சேலைனும், கண்காணிப்பும்தான் உயிரைக் காக்கும். அதனால்தான் நேரம் பெரிது. ஒரே சட்டியில் சாப்பிட்ட எல்லாரையும் அழைத்துப் போங்கள், ஒன்றும் செய்யவில்லை என்று சொல்கிறவரையும் சேர்த்து.

தமிழ்நாட்டில் திண்டுக்கல், கரூர், திருப்பூர்ப் பக்கம் இந்தச் செடியை ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். விதை மருந்துக் கம்பனிகளுக்குப் போகிறது. ஒரு வருடம் விலை ஏறும், அடுத்த வருடம் விழும், நடுவில் தரகர். பூவுக்குப் பூ கையால் மகரந்தம் தொட்டுவைத்துக் காய்பிடிக்கச் செய்வது கூலிக்காரர்கள். அவர்கள் கைபட்ட விதைதான் எங்கோ ஒருவரின் கால்வலிக் குளிசையாகிறது. அந்தக் கைகளுக்குக் கையுறை உண்டா என்று கேட்பது நம்மைப் போன்ற சங்கங்களின் கடமை.

நம் பக்கக் கோரிக்கைகள் மூன்று. ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் பாடசாலையிலும் இந்தச் செடியின் வர்ணப் படம், இலை, பூ, கிழங்கோடு, தமிழில் தொங்க வேண்டும். பற்றை வெட்டும், காடு திருத்தும் வேலைக்குக் கையுறை கொடுக்க வேண்டும். இராத்திரி எந்த நேரமானாலும் நோயாளியைக் கொண்டுபோக ஒரு வாகனம் லயத்துக்கு எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். மூன்றாவதுதான் கஷ்டமானது, அதனால் அதைத்தான் விடாமல் கேட்க வேண்டும். பெரிய வைத்தியசாலை இருந்தும் அங்கே போய்ச்சேர வழியில்லாவிட்டால், லயத்துக் குடும்பத்துக்கு அது இல்லாததற்குச் சமம்.

இந்த இதழ் கையில் கிடைத்ததும் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் உரக்கப் படியுங்கள். கார்த்திகை பிறந்ததும் பிள்ளைகளை வேலியோரம் கூட்டிப்போய்ப் பூவைக் காட்டுங்கள், இலை நுனி சுருண்டிருப்பதைக் காட்டுங்கள். நாளைக்கு இந்த மண்ணில் அவர்கள்தான் பாட்டி, அவர்கள்தான் தாத்தா. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கட்டும்.