பத்த வைக்கவும் கத்துக்குவோம்

(தென்காசியில் குழு உறுப்பினர்களுக்கான ஆரம்பநிலை வெல்டிங் பயிற்சி தொடங்கிய அன்று கூட்டமைப்பின் சார்பில் பேசியது)



குற்றாலம் மெயின் அருவியில குளிக்கும்போது, தண்ணி அடிக்கிற வேகத்துல நாம எதைப் பிடிச்சுக்கிட்டு நிற்கிறோம்? இரும்புக் கம்பியைத்தான். அதை யாரோ அளந்து, அறுத்து, பத்த வைச்சிருக்காங்க. எத்தனையோ சீசனா அந்தக் கம்பியைப் பிடிச்சிருக்கோம். அந்த வேலையை நாமளும் செய்யலாமேன்னு ஒருநாளும் தோணினதில்லை.

இந்தப் பயிற்சிக்குத் தீர்மானம் போட்டபோது நிறையப் பேர் பெயர் கொடுத்தீங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா வந்து, "அக்கா, என் பேரை அடிச்சிருங்க"ன்னு சொன்னீங்க. நெருப்புக்குப் பயந்து ஒருத்தரும் அடிக்கச் சொல்லலை. மாமியார் திட்டுறாங்க, பட்டறையில ஆம்பளைங்க நடுவுல எப்படி நிக்கிறது, இதுதான் காரணம். "அடுப்பு எனக்குப் புதுசில்லக்கா, ஊர் வாய்தான் பயம்"னு ஒரு உறுப்பினர் சொன்னதை எங்களால மறக்க முடியலை. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் மூலமா பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கத்துக்கிட்டாங்க. அப்பவும் ஊர் கேலி பேசத்தான் செஞ்சது. இன்னிக்கு சைக்கிள்ல போற பொண்ணை யார் திரும்பிப் பார்க்கிறா?

நம்ம பக்கம் பீடித் தட்டு இல்லாத தெரு குறைவு. ஒரே அளவா இலை வெட்டி, தூள் சிந்தாம, ஆயிரம் பீடி சுத்தினாலும் ஒண்ணுபோல இருக்கும். (அதைப் பத்த வைக்கிறது மட்டும் ஆம்பளைங்க!) வெல்டிங்குக்கும் அந்தக் கைவாகுதான் வேணும். ராடு நுனிக்கும் இரும்புக்கும் நடுவுல ராடு கனம் அளவுக்கு இடைவெளி விட்டு, ஒரே சீரா நகர்த்தணும். நெருங்கினா ஒட்டிக்கும், விலகினா பொறி சிதறும். முதல் நாள் எல்லாருக்கும் ஒட்டத்தான் செய்யும். வெட்கப்பட வேண்டாம்.

இரண்டாம் உலகப் போர் சமயத்துல அமெரிக்காவில் ரிச்மண்ட் என்ற ஊரில் இருந்த கப்பல் கட்டும் தளங்களில் 747 கப்பல்கள் கட்டினாங்க. அங்கே வெல்டிங் செய்தவர்களில் ஏராளமான பெண்கள் இருந்தாங்க. அதுக்கு முன்னால வெல்டிங் ராடையே பார்க்காதவங்க பலர். ஆனா 1945-ல் போர் முடிஞ்சதும் பெரும்பாலான பெண்களை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. தொழில் கையில இருந்தது, வேலைதான் இல்லை.

அதனாலதான் இதை மனசுவிட்டுப் பேசுறோம். ஊறுகாய், பினாயில், மெழுகுவத்தின்னு நாமளும் பயிற்சி எடுத்தோம். சான்றிதழ் பீரோவுல இருக்கு, வாங்க ஆள் இல்லை. சந்தையைப் பார்க்காம பயிற்சி வைத்தது எங்கள் தவறுதான். இந்தத் தடவை வேலையைத் தேடி வைச்சுக்கிட்டுத்தான் ராடைத் தொடணும். முதலில் நம்ம குழு வீடுகள்லேயே ஆரம்பிப்போம். இத்துப்போன கேட், கழண்ட கீல், ஆடுற கட்டில், மாட்டுக்கொட்டகை ஆங்கிள் எல்லாம் இருக்கு. அப்புறம் குற்றாலம் சீசன் கடைக்காரங்ககிட்ட கேட்போம், கடை போட அவங்களுக்கு இரும்புச் சட்டம் தேவைப்படும். ஆளுக்கொரு மிஷின் வாங்கிக் கடன்ல விழ வேண்டாம். ஐந்து பேருக்கு ஒண்ணு போதும்.

இப்போ பாதுகாப்பு. இதைக் கவனமா கேளுங்க. கருப்புக் கண்ணாடி இல்லாம ஆர்க் வெளிச்சத்தை ஒரு நொடிகூடப் பார்க்கக் கூடாது. பத்தோ பதினொண்ணோ நம்பர் கண்ணாடி வேணும், வெயிலுக்குப் போடுற கூலிங் கிளாஸ் ஆகாது. பார்த்த உடனே ஒண்ணும் தெரியாது. ராத்திரி படுத்த பிறகு கண்ணுல மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தும். தாய்ப்பால் விடுற வைத்தியமெல்லாம் வேண்டாம், டாக்டரிடம் போகணும். வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைக் கிட்ட விடாதீங்க.

நைலான், பாலியஸ்டர் சேலை பொறி பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும். பருத்தி உடைதான் உடுத்தணும், முந்தானை தொங்கக் கூடாது, மேலே முழுக்கைச் சட்டை போடணும். தாலிக்கொடியைக் கழட்டச் சொல்லலை, சட்டைக்குள்ள போட்டுக்குங்க. ஜி.ஐ. பைப் மேல நாகப்பூச்சு இருக்கும். அதைச் சுரண்டாம பத்த வைச்சா வர்ற புகையில அன்று இரவே குளிர்காய்ச்சல் வரும். பால் குடிச்சா சரியாயிடும்னு பட்டறையில சொல்வாங்க, நம்பாதீங்க. காற்றோட்டமான இடத்தில்தான் வேலை செய்யணும்.

நம்ம ஊருக்குன்னு ஒரு ஆபத்து உண்டு, சாரல். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தரை காயாது. ஈரத் தரையில நின்னுக்கிட்டு, ஈரக் கையால ராடு மாத்தினா ஷாக் அடிக்கும். காய்ந்த பலகை மேல, ரப்பர் அடி வைத்த ஷூ போட்டு நிற்கணும். சாரல் உள்ளே அடிச்சா மிஷினை நிறுத்திரணும், ஆர்டர் அவசரம்னாலும் சரி.

மேலே படிக்க ஆசைப்படுறவங்களுக்கு ஒரு செய்தி. ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு ஒரு வருடப் படிப்பு, எட்டாம் வகுப்பு தேறியிருந்தால் போதும். தமிழ்நாட்டு அரசு ஐ.டி.ஐ.களில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. மகளை அனுப்பலாம், நாமளும் போகலாம்.

நாளைக் காலை பத்து மணிக்கு ஹாக்சா பிளேடால் பட்டை அறுப்பதிலிருந்து ஆரம்பிக்கிறோம். பெயரை அடிக்கச் சொன்னவங்க ஓரமா வந்து உட்கார்ந்து பாருங்க. தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பெயர்களை நாங்கள் இன்னும் அடிக்கலை.